உண்ணியே இல்லாத நாய்க்கு மாதா மாதம் உண்ணி மருந்து எதற்கு?

கறுப்பிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கறுப்பிக்கு நான்கு வயது, 14 கிலோ, குட்டை முடி. தடுப்பூசிக்குக் கூட்டிப் போனபோது மருத்துவர் மாதம் ஒரு உண்ணி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த நான்கு வருடத்தில் அவள் உடம்பில் நான் பார்த்த உண்ணி மொத்தம் மூன்று. மூன்றையும் மண்ணெண்ணெய் தொட்டு வைத்துப் பிடுங்கிப் போட்டாயிற்று. தெள்ளுப்பூச்சி பார்த்ததே இல்லை.

மாத்திரையை வாங்கி வந்து பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு என்று எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து மாத்திரை அலமாரியில் தூங்குகிறது. "இல்லாத பூச்சிக்கு எதற்கு விஷம்?" என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வது எல்லா நாளும் சரியாக இருக்காது, ஆனால் இது சரியாகத்தான் படுகிறது. வீட்டில் ஒரு பூனையும் உண்டு. கறுப்பியோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்கும். மாத்திரை கொடுக்கலாமா? வேண்டாம் என்றால் நீங்கள் வேறு என்ன செய்கிறீர்கள்?

நாலுகால்:

எனக்கும் இதே குழப்பம். துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறேன்.

பழையகயிறு:

பதினெட்டு வருடமாக நாய் வளர்க்கிறேன். இப்போது இருப்பது மூன்றாவது. இதுவரை ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. வாரம் ஒரு முறை வேப்பிலை கொதிக்க வைத்த தண்ணீரில் குளியல், காது மடல் ஓரத்தில் மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய், சாப்பாட்டில் ஒரு பல் பூண்டு. அவ்வளவுதான். பூண்டு வாடைக்கு எந்த உண்ணியும் கிட்டே வராது. காட்டில் திரியும் நரிக்கு யார் மாத்திரை கொடுக்கிறார்கள்? நாய் வளர்ப்பவர்களின் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

மருந்துச்சீட்டு:

நான் கால்நடை மருத்துவம் பார்ப்பவள். நரிக்கு யாரும் மாத்திரை கொடுப்பதில்லை, உண்மைதான். நரி எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் அண்ணா.

முதலில் பூண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள். வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. ஒரு பல்லில் நாய் சுருண்டு விழாது. அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று தொடர்ந்து கொடுக்கிறோம். பூண்டு உண்ணியை விரட்டும் என்பதற்கு நம்பும்படியான சான்றும் கிடையாது.

கறுப்பிவீடு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெள்ளும் உண்ணியும் வேறு வேறு. தெள்ளு ஆறுகால் பூச்சி, தாவும். வால் தொடங்கும் இடத்தில் முடியைப் பிரித்தால் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்பாக இருக்கும். அதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளின் கழிவு, அதாவது நாயின் ரத்தம்தான். கரையாமல் கிடந்தால் வெறும் அழுக்கு. உண்ணி பூச்சி இனமே இல்லை, சிலந்திக்குச் சொந்தம். தாவாது, பறக்காது, ஊர்ந்து ஏறும்.

நீங்கள் பார்த்த மூன்றும் ரத்தம் குடித்து ஊதிய பெரிய உண்ணிகளாகத்தான் இருக்கும். முட்டையிலிருந்து புதிதாக வரும் குஞ்சு உண்ணி கடுகை விடச் சிறியது. அதற்கு ஆறு கால்தான் இருக்கும், எட்டு கால் அடுத்த பருவத்தில் வரும். கால் விரல் இடுக்கு, காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, வாலுக்கு அடியில் எல்லாம் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். அதன் பிறகு 'இல்லை' என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ஆறாம்மாடி:

டாக்டர் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். நானும் 'ஒரே ஒரு உண்ணிதானே' என்றவன்தான்.

மூன்று வருடம் முன்பு எங்கள் மணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. காய்ச்சல். கொண்டுபோன இடத்தில் ஊசி போட்டு அனுப்பினார்கள், சரியாகிவிட்டான். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பார்த்தால் படுக்கையெல்லாம் ரத்தம், மூக்கிலிருந்து. ஈறு வெள்ளைத் தாள் போல இருந்தது. வேறு இடத்துக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் அடிமட்டத்தில். எர்லிக்கியா என்றார்கள். உண்ணி வழியாக வரும் கிருமி, ரத்த வெள்ளையணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். முதலில் வந்த காய்ச்சல்தான் அதன் ஆரம்பம். அது தானாக அடங்கியது போல நடித்திருக்கிறது.

28 நாள் டாக்ஸிசைக்ளின். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான், அதனால் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஏதாவது ஊட்ட வேண்டும். பிழைத்துவிட்டான். ஆனால் அந்த ஒரு மாதம் நான் இரவில் எழுந்து எழுந்து அவன் ஈறைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அவன் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் வாயைத் திறந்து பார்க்கிறேன், மனைவி சிரிக்கிறாள்.

இந்தக் கிருமி, உண்ணி கடித்த மூன்று மணி நேரத்திலேயே நாய்க்குள் போகத் தொடங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் நிதானமாகப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதெல்லாம் எப்போதும் உதவாது.

பழையகயிறு:

மணி பிழைத்ததில் சந்தோஷம். பூண்டு விஷயம் நான் கேள்விப்படாதது, யோசிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. மூன்று மணி நேரத்தில் கிருமி போய்விடும் என்கிறீர்கள். மாத்திரை சாப்பிட்ட நாயின் ரத்தத்தைக் குடித்தால்தான் உண்ணி சாகும். அதாவது கடித்த பிறகுதான். அப்புறம் அந்த மாத்திரையால் என்ன பயன்? திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்துவது போல இல்லையா?

மருந்துச்சீட்டு:

அண்ணா, இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இது. என் சக மருத்துவர்கள் சிலரே இதைக் கேட்பதில்லை.

உங்கள் வாதம் பாதி சரி. ஃபுளுராலனர், அஃபாக்ஸோலனர், சாரோலனர், லோட்டிலனர் என்று வரும் மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். உண்ணி கடித்தாக வேண்டும், பிறகு அது சாகச் சில மணி நேரம் முதல் ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆகவே எர்லிக்கியாவை மாத்திரை முழுவதுமாகத் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாக் கிருமியும் அவ்வளவு அவசரக்காரன் இல்லை. பெபிசியா என்று இன்னொன்று, சிவப்பணுக்களை உடைத்துச் சிறுநீரைக் காப்பி நிறமாக்கும். அது உண்ணியின் எச்சிலில் தயாராகிக் கடத்தப்படப் பொதுவாக இரண்டு நாள் வரை ஆகும். அதற்குள் உண்ணி செத்துவிட்டால் நாய் தப்பித்தது.

இன்னொரு விஷயம், பலர் பார்க்கத் தவறுவது. நாய்களில் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தக் கூடியது. குஞ்சு ஒரு முறை ரத்தம் குடித்துக் கீழே விழும், தோலுரிக்கும், மறுபடி நாய் மேல் ஏறும். அடுத்த பருவத்திலும் அதே கதை. கடைசியில் வயிறு நிறைந்த பெட்டை உண்ணி சுவர் வெடிப்பில் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். இடையில் மாதக்கணக்கில் பட்டினியாகவும் கிடக்கும். மருந்து கொடுத்த நாயைக் கடிக்கும் உண்ணி முட்டையிடும் வரை பிழைக்காது. அந்த ஒன்று செத்தால் அடுத்த தலைமுறையில் ஆயிரக்கணக்கானவை இல்லை. திருடன் ஒருவன் உள்ளே வந்துவிட்டான் சரி, அவன் பரம்பரையே உங்கள் வீட்டில் குடியேறாமல் பார்த்துக்கொள்கிறோம்.

கடிக்கும் முன்பே விரட்ட வேண்டும் என்றால் அது வேறு வகை. பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து, ஃபுளூமெத்ரின் கலந்த கழுத்துப்பட்டை. இங்கேதான் கறுப்பிவீட்டின் பூனை குறுக்கே வருகிறது. பெர்மெத்ரின் பூனைக்கு எமன். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது.

இருட்டுப்பூனை:

மேலே சொன்னதற்கு நான் சாட்சி. நாய்க்கான சொட்டு மருந்தை நாயின் முதுகில் விட்டேன், பூனைக்கு ஒரு சொட்டுகூட விடவில்லை. பூனை போய் நாயின் முதுகில் தலை தேய்த்துப் படுத்தது, நக்கவும் செய்தது. அன்று இரவு காது துடிக்கத் தொடங்கி, பிறகு உடம்பு முழுக்க உதறல். இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்துக் காப்பாற்றினார்கள். உறையில் பூனைப் படத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத படம்.

பெரிய நாய்க்கான குப்பியை வாங்கி வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் பங்கிட்டு விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். முயல் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: வேறு சில சொட்டு மருந்துகளில் இருக்கும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லும்.

கோலிக்காரன்:

இவ்வளவு பேச்சு தேவையா? மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி கொஞ்சம் போட்டால் புழு, உண்ணி எல்லாம் ஒரே அடியில் காலி. தெரிந்தவர் அப்படித்தான் செய்கிறார். எவ்வளவு போடுவது என்று யாராவது சொல்லுங்கள்.

இழைக்காவலர்:

அளவு யாரும் இங்கே எழுத வேண்டாம். எழுதினால் நீக்கப்படும்.

மருந்துச்சீட்டு:

நன்றி காவலரே. கோலிக்காரன், உங்கள் பெயர் நீங்கள் வளர்க்கும் இனத்தைச் சொல்கிறது என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். கோலி, ஷெட்லண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை இருக்கும். மூளைக்குள் மருந்து போகாமல் தடுக்கும் காவல் அவற்றுக்கு இல்லை. மாட்டு ஊசி அளவு ஐவர்மெக்டின் உள்ளே போனால் பார்வை போகும், கோமா வரும், நாயும் போகும். மாட்டு ஊசி மாட்டின் எடைக்குத் தயாரானது. போதாததற்கு, நாய்க்கு உண்ணி மருந்தாக அதை நம்பவும் முடியாது.

கோலிக்காரன்:

சரி, தெரியாமல் கேட்டுவிட்டேன். என்னிடம் இருப்பது கோலிதான்.

விடியல்நடை:

வலிப்பு பற்றிக் கேட்டிருந்தார்கள், யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் டூட்டுவுக்கு இரண்டு வயதிலிருந்து வலிப்பு நோய் உண்டு, தினமும் மருந்து சாப்பிடுகிறான். அதனால் இதை நான் ஒரு முறை இல்லை, நூறு முறை படித்திருக்கிறேன்.

2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மாத்திரைக் குடும்பம் முழுவதற்கும் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வந்ததாகப் புகார்கள் இருக்கின்றன, இதற்கு முன் வலிப்பே வராத நாய்க்கும் வரலாம் என்றது. அதே அறிக்கையில், பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை, பலன் தருபவை என்றும் இருக்கிறது. இணையத்தில் முதல் பாதியை மட்டும் வெட்டிப் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். மருந்து விற்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் வாசிக்கிறார்கள்.

எங்கள் முடிவு: டூட்டுவுக்கு மாத்திரை இல்லை. ஃபுளூமெத்ரினும் இமிடாகுளோப்ரிட்டும் கலந்த கழுத்துப்பட்டை போட்டிருக்கிறோம். ஏழெட்டு மாதம் வரும் வகை. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் தோலில் படாது, வெறும் நகைதான். முதல் வாரத்தில் கழுத்தில் சிவந்தது, கழற்றி இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டோம், ஒத்துக்கொண்டது. அவன் தங்கை சிட்டுவுக்கு வலிப்பு எதுவும் கிடையாது, அவளுக்கு மாத்திரைதான். ஒரே வீட்டில் இரண்டு நாய், இரண்டு வழி.

மெத்தைத்தூசி:

எல்லோரும் உண்ணியைப் பற்றியே பேசுகிறீர்கள். தெள்ளு கோபித்துக்கொள்ளப் போகிறது.

போன வருடம் நாயைக் கூட்டிக்கொண்டு மூன்று வாரம் வெளியே போயிருந்தோம். வீடு பூட்டியே இருந்தது. திரும்பி வந்து உள்ளே கால் வைத்த ஐந்தாவது நிமிடம் வெள்ளைச் சாக்ஸ் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். சாப்பிட ஆளே இல்லாத வீட்டில் இவ்வளவு எப்படி என்று திகைத்துவிட்டேன். விஷயம் என்னவென்றால், தெள்ளின் கூட்டுப்புழு கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று இந்த மூன்றும் வந்தால் சாப்பாடு வந்துவிட்டது என்று வெளியே பாயும். நாம் கதவைத் திறந்தது அதற்கு மணி அடித்த மாதிரி.

ஒரு பெட்டைத் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை இடும். முட்டை முடியில் ஒட்டாது, நாய் நடக்கும் இடமெல்லாம் உப்பு போல உதிரும். நாய் மேல் நாம் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் என்பார்கள். மிச்சமெல்லாம் மெத்தையில், கம்பளத்தில், சோபா இடுக்கில். நாயை மட்டும் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி நான் இரண்டு மாதம் வீணாக்கினேன்.

தீர்ந்தது எப்படி என்றால்: நாய்க்கு மாத மருந்து, ஒரு மாதம்கூட விடாமல். விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தேன். தினமும் வாக்யூம் கிளீனர், பையை உடனே கட்டி வெளியே. வாக்யூமின் அதிர்வில் கூட்டுப்புழு வெளியே வரும், அதுவும் நல்லதுதான், மருந்துள்ள நாயைக் கடித்துச் சாகட்டும். மருந்து தொடங்கிய பிறகும் இரண்டு மூன்று மாதம் புதுத் தெள்ளு வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து 'மருந்து வேலை செய்யவில்லை' என்று நிறுத்தினால் ஆட்டம் முதலிலிருந்து. நான் ஒரு முறை நிறுத்தினேன். அறிவாளி.

நாயின் பின்புறத்தில் அரிசி மணி போல ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளைக் கடித்து விழுங்குவதால் வருவது. புழு மருந்து மட்டும் கொடுத்துவிட்டுத் தெள்ளை விட்டுவைத்தால் மறுபடி வரும்.

நீர்க்கரை:

ஒரு மாற்றுக் குரல். 2020-ல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தின் 20 ஆறுகளின் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்தார்கள். 98 விழுக்காடு மாதிரிகளில் ஃபிப்ரோனில், 66 விழுக்காட்டில் இமிடாகுளோப்ரிட். பயிருக்கு அடிப்பது பெருமளவு கட்டுப்படுத்தப்பட்ட நாட்டில், இதற்கு முக்கியமான வழி நாய் பூனையின் முதுகில் விடும் சொட்டு மருந்தாக இருக்கும் என்றார்கள். குளிப்பாட்டும் தண்ணீர், துவைக்கும் விரிப்பு, நாய் குதிக்கும் ஓடை எல்லாம் ஆற்றுக்குத்தானே போகிறது. நீரில் வாழும் சிறு பூச்சிகளுக்கு இவை மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்ணி இருக்கும் இடத்தில் இருப்பவர்கள் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வருடம் முழுக்க, எல்லா நாய்க்கும் என்பதை யோசிக்கலாம். உறைபனி நீண்ட நாள் நிற்கும் ஊரிலும் எப்போதும் வெதுவெதுப்பான ஊரிலும் ஒரே கணக்கு எப்படிச் சரியாகும்?

மருந்துச்சீட்டு:

ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் வருபவர்களிடம் நானும் முதலில் நாய் எங்கே தூங்குகிறது, எங்கே நடக்கிறது, எத்தனை நாய்களோடு உரசுகிறது என்றுதான் கேட்பேன். சொட்டு மருந்து விட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியலோ நீச்சலோ வேண்டாம், மருந்து தோலின் எண்ணெயில்தான் பரவுகிறது. நாயைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவே முடியாது என்றால் அந்த வகையே வேண்டாம்.

கறுப்பிவீடு, மண்ணெண்ணெயை அலமாரியில் வையுங்கள். எண்ணெய், நெருப்பு, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். எரிச்சலூட்டினால் உண்ணி உள்ளே இருப்பதைக் கக்கிவிடும் அபாயம் உண்டு. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, நசுக்காமல், நேராக, ஒரே சீராக இழுங்கள். வாய்ப்பகுதி கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டால் தோண்டாதீர்கள், தானே வெளியேறும். உண்ணியை விரலால் நசுக்கவும் வேண்டாம், சாராயத்தில் போடுங்கள்.

பழையகயிறு:

சாராயத்தையா? வீட்டில் நான் என்னவென்று கணக்கு சொல்வது?

மருந்துச்சீட்டு:

கைக்குத் தேய்க்கும் சானிடைசர் போதும் அண்ணா.

கறுப்பிவீடு:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டாக்டர் சொன்ன இடங்களில் அன்றே தடவிப் பார்த்தேன். முன்னங்கால் விரல் இடுக்கில் குட்டிக் குட்டியாக ஏழு. எள் என்று நினைத்துத் தட்டிவிட்டிருப்பேன். பிறகு அவள் படுக்கும் மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். சுவரில் வண்ணம் உரிந்த விரிசலுக்கு மேலே இரண்டு ஏறிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் அதற்குப் பிறகு 'இல்லாத பூச்சி' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

வலிப்பு எப்போதும் வந்ததில்லை என்பதால் மாத்திரைதான் முடிவு. பூனை இருப்பதால் பெர்மெத்ரின் பக்கம் போகவே இல்லை. முதல் மாத்திரையைக் காலையில் சாப்பாட்டோடு கொடுத்து அன்று முழுக்க வீட்டிலேயே இருந்தேன். ஒரு முறை வாந்தி எடுத்தாள், வேறு ஒன்றுமில்லை. மறுநாள் தரையில் செத்த உண்ணிகள் கிடந்தன. விரிசலைப் பூசி அடைத்தாயிற்று. தினமும் இரவு விரல் இடுக்குப் பரிசோதனை வீட்டுக்காரர் பொறுப்பு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருகிறார். எர்லிக்கியாவுக்கு ரத்தப் பரிசோதனையும் எடுத்தோம், இப்போதைக்கு இல்லை. இன்னும் சில வாரம் கழித்து ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம்: இந்த வாரமும் சுவரில் ஒன்று பார்த்தேன். மருந்து கொடுத்தும் ஏன்?

ஆறாம்மாடி:

முன்பே விழுந்த முட்டைகளிலிருந்து வருபவை. எங்கள் வீட்டில் ஓய நான்கைந்து மாதம் ஆனது. தேதி தவறாமல் மாத்திரை கொடுங்கள். கதவு நிலை, சுவரும் கூரையும் சேரும் மூலை எல்லாம் பாருங்கள், அவை மேலே ஏறும் ஜாதி.

பழையகயிறு:

நேற்று என் நாய்ப் பையனின் விரல் இடுக்கையும் பார்த்தேன். எத்தனை என்று சொல்ல மாட்டேன். பூண்டை நிறுத்திவிட்டேன், வேப்பிலைக் குளியலை நிறுத்த மாட்டேன். டாக்டர், அவனுக்குப் பன்னிரண்டு வயது, 22 கிலோ, பூனை கிடையாது. நாளை கூட்டிப் போகிறேன், அங்கே என்னவெல்லாம் கேட்க வேண்டும்?